மூன்று கதவுகளுக்குச் சொந்தக்காரி

"வீட்டுக்கார அக்கா போயிட்டாங்க." பலாபத்வலயிலிருந்து, என் தோழி ஸ்டெல்லாவின் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தொலைபேசியில் சொன்னார். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அழுகை வருவதற்கு முன்னால் 'வீட்டுக்கார' என்ற சொல் என்னைக் குத்தியது. அவளை அறிந்து இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களிடம் அதை மறைக்க மாட்டேன்.

மாத்தளை நகரத்தில் நானும் அவளும் ஒரே பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்து, ஒரே சம்பளத்துக்கு வேலை செய்தோம். இருவரும் ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், ஒரே கூரையின்கீழ் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பிறந்தவர்கள். வாடகைக்கு அறை தேடிப் போனால் முதலில் ஊரைக் கேட்பார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், அறை நேற்றே போய்விட்டது என்பார்கள். நான் கொதித்துக்கொண்டு திரும்புவேன். ஸ்டெல்லா அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வருவாள்.

பலாபத்வலயில் அந்தப் பழைய வீடு விலைக்கு வந்தபோது என்னையும் அழைத்துப் போனாள். ஒரே கூரை, மூன்று கதவு, மூன்று குசினி. ஒன்றில் தாயோடு இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விடுவது அவள் திட்டம்.

"என்னடி, லயத்துல பொறந்துட்டு திரும்பவும் ஒரு லயத்தயா வாங்கப் போற?" என்றேன்.

"ஆமாடி. இந்த லயத்துக்கு நான்தான் தொரை."

சிரித்தோம். பஸ் ஏறும்போது என் சிரிப்பு தீர்ந்துவிட்டது.

வாங்கியதும் அவள் பெயின்ட் அடிக்கவில்லை. பாதியில் நின்ற குறுக்குச் சுவர்களைக் கூரைவரை எழுப்பினாள். பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டே வளர்ந்தவர்களுக்குத்தான் அது முதல் வேலையாகத் தோன்றும். காற்று வராதே என்றார் மேசன். "காத்துக்கு ஜன்னல் வைங்க பாஸ். அவங்கவங்க சண்டைய அவங்கவங்க வீட்டுக்குள்ள போடட்டும்," என்றாள்.

நடு வீட்டுக்கு முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"ஒனக்கு நான் வாடகை குடுக்கவா?"

"எவனுக்கோ குடுக்கிறதானே. எனக்குன்னா மட்டும் சுடுதா?"

சுட்டது. நான் போகவில்லை. பிறகு ரிவர்ஸ்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு குடும்பம் அங்கே வந்தது. ஊர் எதுவென்று கேட்காமலே சாவியைக் கொடுத்தாளாம்.

மரண வீட்டில் ஒரு நகரத்துப் பெரியவர், "தோட்டத்துப் புள்ளைன்னாலும் கெட்டிக்காரி," என்று மெச்சினார். முன்பு எங்களுக்கு அறை இல்லையென்று சொன்னவர் அவர்தான்.

"அவ உழைச்சு வாங்கினா. ஒங்களுக்கு ஒங்க அப்பா விட்டுட்டுப் போனாரு," என்றேன். அவர் உட்கார்ந்திருந்த கதிரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

உள்ளே ஸ்டெல்லாவின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ அவ்வளவு கூப்பிட்டாளே, நீ ஏம்மா வரல்ல?"

"பொறாமைம்மா."

"அது அவளுக்குந் தெரியும். 'அவ இங்க வரமாட்டா, சொந்தமா ஒண்ணு வாங்காம ஓயவும் மாட்டா'ன்னு சொல்லுவா."

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பொறாமைதான். துக்கம் ஆறிவிடும். இது ஆறக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடு பார்க்கப் போகிறேன். கூரை ஒழுகுமாம். இரண்டு கதவுதான், அவளுடையதைவிட ஒன்று குறைவு. இப்போதே எரிகிறது.