பங்களாக் காட்சியில் ஒரு நீலத் தகரம்

கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் இந்த நாட்டில் ஒரு வேலை. போன மாதம் ஒரு காலைப்பொழுது முழுவதும் எனக்கு அதுதான் வேலையாக இருந்தது. இரண்டு கைகளாலும் ஒரு கூரையைப் பக்குவமாக அழுத்திப் பிடித்தபடி, பசை காயட்டும் என்று நின்றேன். கூரை என்றால் என் இரண்டு உள்ளங்கைகளை விரித்தால் மூடிவிடக்கூடிய கூரை. இங்கிலாந்தில், நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், டோரின் என்ற பெண்மணியை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு கூசும். "மேடம்" என்றால் அவருக்கு மூக்கின்மேல் கோபம் வரும். குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, நடக்கப் பழக்குவது எல்லாம் முடிந்த பிறகு மிச்ச நேரமெல்லாம் நாங்கள் இருவரும் பொம்மை வீடு கட்டுகிறோம். வளர்ந்து, பிள்ளை பெற்று, பென்சனும் வாங்கிவிட்ட மனிதர்கள் இடுக்கியால் நாற்காலி பொறுக்கி வைத்து விளையாடும் விந்தையை நான் இங்கேதான் பார்த்தேன்.

சும்மா பொம்மை வீடு என்று சொல்லிவிடக் கூடாது, டோரினுக்குப் பிடிக்காது. இவை எல்லாம் உண்மையாகவே இருக்கிற, சரித்திரப் புகழ்பெற்ற வீடுகளின் அச்சு அசலான சிறு வடிவங்கள். ஒரு பிரபுவின் மாளிகை, ஒரு பாதிரியாரின் வீடு, ஏதோ ஒரு கோட்டையின் வாயில் என்று ஒவ்வொன்றும் ஒரு பெட்டியில் துண்டு துண்டாக வரும். பிரித்து, ஒட்டி, வர்ணம் பூசி முடித்தால் கதவுப்பிடி முதற்கொண்டு அசலைப் போலவே இருக்கும் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். டோரினின் வரவேற்பறையில் மனிதர்கள் உட்கார இடமில்லை, அத்தனை வீடுகள். அவருடைய மருமகள் கிறிஸ்மஸுக்குப் புதிதாக ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். அவள் இலங்கைக்குச் சுற்றுலா போய், தங்கிய ஹோட்டலின் பரிசுக் கடையிலேயே வாங்கியதாம். "உன் நாட்டு வீடு!" என்று டோரின் பெட்டியை என் முன்னால் தள்ளினார். மேலே எங்கள் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர்.

இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தையிலிருந்து மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம். ஆங்கிலப் பெயர் தொழிற்சாலைச் சுவரிலும் தேயிலைப் பெட்டியிலும் மட்டும் இருக்கும். நாங்கள் கூப்பிடுகிற பெயர் வேறு. பெட்டியின் மேலிருந்த படம், தோட்டத்தை நிர்வகிக்கிற பெரிய துரையின் பங்களா. இப்போது அங்கே துரை இல்லை. அவரைக் கீழே புதுவீட்டுக்கு அனுப்பிவிட்டு, பங்களாவை ஹோட்டலாக்கிவிட்டார்கள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டோரினின் முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு அதிர்ஷ்டம். நீ வளர்ந்த வீட்டை நாம் சேர்ந்து கட்டப்போகிறோம். இதில் உன்னுடைய அறை எது?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் அவருக்குப் புரியவில்லை. "நான் அந்தத் தோட்டத்தில்தான் வளர்ந்தேன், அந்த வீட்டில் இல்லை" என்றேன். "ஆமாம், தோட்டத்தில் விளையாடியிருப்பாய், குழந்தைகளுக்கு வீட்டுக்குள் கால் தரிக்காதே" என்றார். அவருடைய தோட்டம் என்பது ரோஜாச் செடிகளும் ஒரு புல்வெட்டும் இயந்திரமும். எங்கள் தோட்டத்தை நான் என்ன சொல்லி அவருக்கு விளக்குவது? பெட்டியைப் பிரித்தேன்.

முன்வாசலில் மூன்று படிகள். அந்த மூன்று படிகளை எனக்கு நன்றாகத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தீபாவளிக்கு முந்தின நாள், தோட்டத்து ஆட்கள் மாலையும் தேங்காய் பழத் தட்டுமாகப் பங்களாவுக்குப் போவோம். அன்றைக்கு மட்டும் முன்பாதையால் போகலாம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் படியேறித் துரைக்கு மாலை போடுவார். நாங்கள் கீழே புல்லில் நிற்போம். துரை வெள்ளைக்காரர் அல்ல, வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனால் படியும் புல்லும் அப்படியே இருந்தன. மற்ற நாட்களில் பங்களாவுக்குப் போவதென்றால் பின்பாதைதான். என் அம்மா கொழுந்து பறித்தவர். பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் பாத்திரம் கழுவ அம்மாவைக் கூப்பிட்டுவிடுவார்கள். பள்ளிவிட்டு நான் அங்கே போய்விடுவேன். குசினி என்கிற பின்கட்டுச் சமையலறை, அதன் புகை, கரிபிடித்த சுவர், விறகு அடுக்கிய தாழ்வாரம், அம்மா குந்தியிருந்து கழுவுகிற சிமெந்துத் தொட்டி. நான் அறிந்த பங்களா அதுதான்.

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்துவிட்டேன், அந்தக் குசினி அதில் இல்லை. பியானோ இருக்கிறது. சுவரில் மாட்ட மான்கொம்பு இருக்கிறது. சாப்பாட்டு மேசைமேல் வைக்க அரிசிமணி அளவில் தேநீர்க் கோப்பைகள் இருக்கின்றன. அந்தத் தேநீர் எங்கே கொதித்தது, யார் கொண்டுவந்து வைத்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பொம்மை வீடுகளுக்குப் பின்சுவர் இருக்காது. பார்ப்பவர் அந்தப் பக்கமாக உட்கார்ந்துதான் உள்ளே பார்க்க வேண்டும். அதாவது என் அம்மா குந்தியிருந்த இடத்தில் டோரின் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அச்சு அசலாம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெட்டியின் அடியில் ஒரு நீளமான அட்டை இருந்தது. அதை வீட்டின் முன்னால் நிறுத்த வேண்டும். அறைகள் வழியாகவும் ஜன்னல்கள் வழியாகவும் பார்த்தால், பங்களா முற்றத்திலிருந்து தெரிகிற காட்சி அப்படியே தெரியும். தேயிலை மலை, சவுக்கு மரங்கள், தூரத்தில் மொனராகலைப் பக்கத்துச் சமவெளி மங்கலாக, நடுவில் சின்னதாக எங்கள் மாரியம்மன் கோயில். கோயிலின் சிவப்புக்கோட்டுச் சுவரைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தக் கோயிலுக்கு நேர் கீழே எங்கள் லயம். ஒட்டி ஒட்டிப் பன்னிரண்டு வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் மறு கோடியில் கேட்கும். அட்டையில் கோயிலுக்குக் கீழே வெறும் பச்சை. கோயில் அழகாக இருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அம்மனுக்கு விளக்கேற்ற யார் வருகிறார்கள், காற்றா வருகிறது?

நான் இப்படிக் கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் தம்பி ரவி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் கொஸ்லந்தையில் ஆட்டோ ஓட்டுகிறான். மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் லயத்தில் எங்கள் பழைய வீட்டில். வீடு என்றால் காம்பரா என்கிற ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்று நாங்கள் சொல்கிற திண்டு, அவ்வளவுதான். அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. காம்பராவில் இடமில்லாமல் இஸ்தோப்பிலே படுத்து, மழைச் சாரலில் நனைந்து, பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சுச்சளிக்கு இரண்டு முறை கிடந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் ரவி லயத்தின் கோடியில், சுவரோடு ஒட்டி, அம்மாவுக்கென்று ஒரு சின்னக் காம்பரா இறக்கினான். கட்டில் போட இடம், கையெட்டும் தூரத்தில் கழிவறை. மேலே நீலத் தகரம், பதுளைக் கடையில் அன்றைக்கு அதுதான் இருந்தது.

"அக்கா, தொரை வரச்சொல்லி ஆளு அனுப்புனாரு. அம்மா காம்பராவப் பிரிக்கணுமாம்" என்றான்.

"ஏன்டா? பழைய தொரைகிட்ட கேட்டுத்தானே கட்டுன?"

"கேட்டுத்தான் கட்டுனேன். அவரு வாயால சரின்னாரு. இப்ப அவரு வேற தோட்டத்துல இருக்காரு. பங்களால இருந்து பாத்தா நீலத் தகரம் கண்ணக் குத்துதாம்க்கா. தங்க வர்ற ஆளுங்க போட்டோ புடிச்சா அதுதான் மொதல்ல தெரியுதாம்."

அட்டை எனக்கு எதிரேதான் சாய்ந்து நின்றது. முதலில் அட்டையில் எங்களை அழித்தார்கள். இப்போது அட்டையில் இருக்கிறபடி மலையைத் திருத்துகிறார்கள்.

லயம் தோட்டத்துக்குச் சொந்தம். தலைமுறை தலைமுறையாக அதில் பிறந்து, அதிலேயே செத்தாலும், சுவரில் ஓர் ஓட்டை போடுவதற்குத் துரையிடம் கேட்க வேண்டும். கேட்காமல் இறக்கிய குசினிகளைக் காவல்காரர்கள் வந்து தள்ளிவிட்டுப் போனதை நான் பிள்ளையாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே தள்ளினார்கள். பக்கத்து வீட்டுக்காரி பானையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து டோரின் விசாரித்தார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, முழங்கால், நீலத் தகரம், ஹோட்டல். அவர் உண்மையாகவே இரங்கிக் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்குப் புரிகிறது. இந்தத் தெரு முழுவதும் பழமைக்காகப் பாதுகாக்கப்பட்ட வீடுகள். என் வாசற்கதவுக்கு மஞ்சள் அடிக்க ஆசைப்பட்டேன், கவுன்சில் விடவில்லை. ஒரு வருஷம் அவர்களோடு மல்லுக்கட்டினேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பசைக்குப்பியை வீசியிருப்பேன். இவருக்குக் கதவின் நிறம். என் அம்மாவுக்குப் படுக்க இடம். இவர் சண்டை போட்டுத் தோற்றாலும் வீடு இவருடையது. அந்த வீட்டில் இவர் படுக்கக்கூடாதென்று யாரும் ஆள் அனுப்பவில்லை. அவ்வளவையும் சொல்ல என் ஆங்கிலத்துக்குப் பலமில்லை. "உங்கள் மாத்திரைக்கு நேரமாகிவிட்டது" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ரவிக்குத் தினமும் கூப்பிட்டேன். பிரிக்காதே, தொழிற்சங்கத்துக்குப் போ, பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவா, நான் இங்கே அந்த ஹோட்டலின் மானத்தை வாங்குகிறேன் என்று குதித்தேன். அவன் உம் கொட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு நாள் அவனே கூப்பிட்டான். குரலில் பாரமில்லை.

"அக்கா, வேலை முடிஞ்சிருச்சு. தலைவரக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பேசுனேன். தகரத்துக்குப் பச்சை பெயின்ட் அடிச்சா போதுமாம். பங்களால இருந்து தெரியாதாம். பெயின்ட் அவங்களே தந்துட்டாங்க. காலையில ஏறி அடிச்சுட்டேன்."

"வெக்கமா இல்லையாடா ஒனக்கு? நாம இருக்கோம்னு தெரியக்கூடாதுன்னு அவன் சொல்றான், நீ ஏறி அடிக்கிற."

"நீங்க அங்கயிருந்து கோவப்படலாம்க்கா. இங்க நேத்தும் மழை. அம்மா கட்டில்ல படுத்திருந்துச்சு" என்றான். பிறகு தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

"பச்சைன்னா என்ன, நீலம்னா என்ன புள்ள" என்றார் அம்மா. "உள்ள படுத்திருக்கிறவளுக்குக் கூரை நெறமா தெரியுது? ஒழுகாம இருக்கு. நீ வந்தா எங்கூடப் படுத்துக்கலாம், கட்டிலு பெருசு. சாப்புட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அம்மாவோடு சண்டை போட முடியவில்லை, ரவியோடும் முடியவில்லை. அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. அங்கே இருந்திருந்தால் நானும் ஏணியைப் பிடித்திருப்பேன். ஊரில் இருப்பவர்களுக்குக் கோபப்பட வசதியில்லை. இங்கே எனக்கு வசதியிருக்கிறது, கோபத்தைக் கொண்டுபோய்க் காட்டத்தான் யாருமில்லை.

மறுநாள் டோரின் தூங்கி எழும்புவதற்குள் அவருடைய வர்ணப் பெட்டியைத் திறந்தேன். நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் பதுளைக் கடைத் தகரத்தின் நிறம் வந்தது. தூரிகையில் மெல்லியதை எடுத்து, அட்டையில் கோயிலுக்குக் கீழே, சற்று இடப்புறமாக, நகத்தில் பாதியளவுக்கு ஒரு கூரை வைத்தேன். பச்சைக்கு நடுவில் அது பளிச்சென்று கண்ணைக் குத்தியது. நன்றாகக் குத்தட்டும் என்று இன்னொரு பூச்சும் கொடுத்தேன்.

டோரின் தடியை ஊன்றி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். குனிந்து, சாப்பாட்டு அறை வழியாக, ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பார்த்ததும் அவர் கண்டது அதைத்தான்.

"இது முன்பு இல்லையே. நீச்சல் குளமா?"

"இல்லை. என் அறை எது என்று கேட்டீர்களே, அதுதான்."

அவர் என்னைப் பார்த்தார், திரும்பவும் ஜன்னலைப் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது, அழிக்கச் சொல்லவில்லை. மலையில் அந்தக் கூரை இப்போது பச்சை. அதற்குக் கீழே இருக்கிற கட்டிலில் நான் இன்னும் ஒரு நாளும் படுத்ததில்லை. நீலம் மிச்சப் பச்சையில் வழிந்துவிடாமல், காயும்வரை அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.