இடப்பக்கம் இறுகும் திருகாணி

நகைக்கடையில் எடையைத் தராசு சொல்லிவிடும், தரத்தை முத்திரை சொல்லிவிடும். மீதியை எல்லாம் நம் வாய்தான் சொல்ல வேண்டும். நாள் முழுக்க கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய தோழர்களே, உங்களுக்கு இது புரியும். அம்பத்தூரில் எங்கள் கடையில் இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. அதை நான் நம்பியதே இல்லை.

கதை இதுதான். பிரான்சில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வைர நகை செய்தது. தொழிலை ஆரம்பித்தவர், திருகாணிக்கு மரை வெட்டும் தகட்டைத் தலைகீழாகச் செய்துவிட்டார். ஊரில் எல்லாத் திருகாணியும் வலப்பக்கம் திருகினால் இறுகும், அவருடையது இடப்பக்கம். வாரிசுகள் அந்தத் தவறைத் திருத்தவில்லை, குடும்ப அடையாளமாகவே வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியிலும் கடை திறந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர் எங்கள் பெரிய முதலாளியின் அப்பா. கடையை மூடிவிட்டுக் கப்பலேறும்போது அந்த வீட்டு அம்மாள் ஒரு மரைத் தகட்டை அவர் கையில் கொடுத்து, இனி இது உங்கள் வீட்டுடையது என்றாராம். அதனால்தான் எங்கள் கடைத் தோடுகளில் இன்றும் திருகாணி இடப்பக்கம் இறுகுகிறது.

சொன்னவர் பெரிய முதலாளி ஒருவர்தான். சாட்சி கிடையாது. இங்கேயே யாரோ தகட்டைத் தப்பாக வெட்டிவிட்டுப் பழியைப் பிரான்சு மேல் போட்டிருப்பார்களோ? நல்ல பொய்யைச் சம்பளத்துக்குச் சொல்கிறேனோ? வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தினமும் இதே யோசனைதான்.

திருகத் திருகக் கழன்றது

விற்கும்போதே, "இடப்பக்கம் திருகுங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து நின்றார்கள். அந்தப் பெண் வழக்கம்போல வலப்பக்கமே திருகி 'இறுக்கி'யிருக்கிறார். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது தோடு கழன்று, நல்லவேளை, புடவை மடிப்பில் தங்கியிருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரான்சு, கப்பல், மரைத் தகடு என்று ஆரம்பித்தேன். புருஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தோடு காதுல நிக்குமான்னு கேட்டா, நீ இன்னா அண்ணாத்தே எங்கள கப்பல்ல ஏத்தினு போறே?"

குடும்பம் எந்த ஊர்?

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். கதையைக் கேட்டவர், "பிரான்ஸ்ல எந்த ஊரு சார்?" என்றார். பெரிய முதலாளி ஊர் பெயர் சொன்னதே இல்லை. நான் கொஞ்சமும் தயங்காமல் பாரிஸ் என்றேன். டீச்சரம்மா தலையாட்டிவிட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார். விற்பனை நடந்தது, ஆனால் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கதை பொய்யோ என்று சந்தேகப்பட்டவன், அதோடு என் சொந்தப் பொய்யையும் ஒட்டியிருந்தேன்.

வெள்ளிக் கவுன்டர் சேகர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமே, போன மாசம் வேற ஊரு சொன்னியே, அந்தக் குடும்பம் ஊடு மாத்திட்டாங்களா?"

சுவருக்கு ஒரு பக்கம்

பூந்தமல்லியில் புதுக் கிளை. பொறுப்பு பெரிய முதலாளியின் மகள் மாலதிக்கு. வாசலுக்கு நேர்ச் சுவரில் கடையின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் ஆசை. மாலதி என்னைக் கூப்பிட்டார். "இவ்ளோ வருஷமா நீங்கதானேண்ணா சொல்றீங்க, நீங்களே எழுதிக் குடுங்க."

பேனாவைத் திறந்து ஒரு வாரம் ஆயிற்று, ஒரு வரி ஓடவில்லை. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சுவரில் எழுதினால் கடை இருக்கும்வரை இருக்கும். கடைசியில், எனக்கே நம்பிக்கை இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மாலதி கோபப்படவில்லை. "நெசம்னா எழுதுங்க. இல்லன்னா அங்க கண்ணாடி மாட்டிட்டு, திருகாணியையும் எல்லாரையும் மாதிரி மாத்திடலாம். ஆனா அப்பாகிட்ட அதை நீங்கதான்ணா சொல்லணும்."

அயனம்பாக்கத்துப் பெட்டி

எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நாளில் அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். பூர்வீகம் புதுச்சேரி, இப்போது அயனம்பாக்கத்தில் மகன் வீடு. சின்னத் தோல் பெட்டியில் பழைய வைரத் தோடு ஒரு ஜோடி. ஒன்றில் திருகாணி தொலைந்திருந்தது. எந்தக் கடைத் திருகாணியும் ஏறவில்லையாம், மரை தேய்ந்துவிட்டது என்கிறார்களாம்.

தோட்டைக் கையில் வாங்கினேன். இன்னொரு தோட்டில் இருந்த திருகாணியைப் பிடித்து வலப்பக்கம் திருகினேன். கழன்று வந்தது. எங்கள் டிராயரிலிருந்து ஒரு திருகாணி எடுத்து, வெறும் தண்டில் வைத்து இடப்பக்கம் திருகினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, கடைசியில் கிச்சென்று இறுகியது. பெட்டி மூடியின் உள்பக்கப் பட்டில் தங்க எழுத்து: பெரிய முதலாளி வாய் கோணச் சொல்லும் அதே பிரெஞ்சுக் குடும்பப் பெயர். கீழே இரண்டு ஊர். ஒன்று புதுச்சேரி. இன்னொன்று பாரிஸ் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் கடையே கூடிவிட்டது. சேகர் விசில் அடித்தான். மாலதி திருகாணியைத் தானே இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குக் கொடுத்த ஆர்டரைப் போனில் ரத்து செய்தார். அந்த அம்மா தோட்டைப் போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "நாலு கடையிலயும் என் தோடுதான் தப்புன்னாங்க. இந்த ஒரு கடையிலதான் தோடு சரின்னு சொன்னீங்க."

காப்பி ஆறியது

பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். அன்று சாயங்காலமே பெரிய முதலாளி வீட்டுக்குப் போனேன். காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் செல்போனை நீட்டினேன். இத்தனை வருடம் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார். காப்பி ஆறிப்போனது. பிறகு, "அப்போ எங்கப்பா சொன்னது நெசந்தான்" என்று மெல்லச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

இருபத்தாறு வருடச் சந்தேகத்தை ஒரு திருகாணி தீர்த்து வைத்த அந்த நல்ல வேளையில், கேட்க வந்த மன்னிப்பை மறந்துவிட்டு நான் அவரிடம் கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, அப்படின்னா நீங்களும் இத்தனை நாளா நம்பலையா?"