இடப் பக்கத்து மூன்று படங்கள்

நான் செய்த கைவினை இதழ் மூடாது. அதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். அட்டையில் நிஜமான பிளாஸ்டிக் வயர் முடிச்சு ஒன்றைத் தைத்து வைத்திருந்தேன். உள்ளே இன்னும் இரண்டு. அழுத்திப் பிடித்தால் மூடும், கையை எடுத்தால் மெல்ல வாயைப் பிளக்கும். “இன்னாடி, உன் புக்கு கொட்டாவி உட்டுகினு கீது” என்று வகுப்பில் ஒருத்தி கேலி செய்தாள். அன்றைக்கு அதற்கே முகம் சுருங்கிப் போனேன். வெட்கப்படுவதற்கு அதைவிடப் பெரியது அந்த இதழுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், கடைசி வருடத்தில் எங்களுக்குக் கொடுத்த வேலை அது. வீட்டில் யாராவது செய்கிற ஒரு கைவேலையை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஓர் இதழ் கொண்டுவர வேண்டும். எழுதுவது, படம் எடுப்பது, பக்கம் அமைப்பது எல்லாம் நாமே. தாள் வெட்டி, மடித்து, ஊசி நூலால் தைப்பதும் நாமே. பத்துப் பிரதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாருக்கும் எந்தக் கைவேலையும் தெரியவில்லை. அடுக்ககத்தில் இருக்கும் ஒருத்தி பக்கத்து வீட்டு ஆன்ட்டியைக் கெஞ்சிக் கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் அம்மா வயர் கூடை போடுவாள்.

அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. மதியம் சீரியல் ஓடும்போது அம்மாவின் கை தானாகக் கூடை போட்டுக்கொண்டிருக்கும். கண் டி.வி.யில்தான் இருக்கும், கையைப் பார்க்கவே மாட்டாள். எங்கள் சர்ச் பங்கில் பாதிப் பெண்கள் கடைக்குப் போவது அம்மா போட்ட கூடையோடுதான். யாராவது ஆர்டர் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கொடுக்காவிட்டால் சும்மாவே போட்டு யாருக்காவது கொடுத்துவிடுவாள். அவளுக்குப் பிடித்த டிசைனுக்குப் பெயர் சிவன் கண். அந்தக் கூடையில் சர்ச் வாசல் மாதா கெபிக்குப் பூ கொண்டுபோவாள். சாமியாரே ஒருமுறை பார்த்துச் சிரித்திருக்கிறார்.

படம் எடுக்கிற அன்று அம்மா தலைக்குக் குளித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

“கை மட்டும்தாம்மா வரும்” என்றேன்.

“இருக்கட்டும். கை யாருதுன்னு கைக்குத் தெரியும்ல” என்றாள்.

வலது கை ஆள்காட்டி விரலில் அவள் எப்போதும் போட்டிருக்கும் ஜெபமாலை மோதிரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முடிச்சுப் போடுகிற முறையை ஆறு படங்களாக எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் கையை அப்படியே நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கை படம் எடுக்க எதற்கு மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள், அடுத்த படத்துக்கும் பிடித்தாள்.

இனி என் சாமர்த்தியத்தைச் சொல்கிறேன். பக்க அமைப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு விதி உண்டு. படத்தில் இருக்கும் முகமோ கையோ இதழின் உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால் வாசிக்கிறவரின் கண்ணும் வெளியே போய்விடும். ஆறு படங்களில் முதல் மூன்று இடப் பக்கத்தில், அடுத்த மூன்று வலப் பக்கத்தில். அம்மாவின் வலது கை எல்லாப் படத்திலும் வலப் பக்கமிருந்துதான் வந்தது. அதனால் வலப் பக்கத்துப் படங்கள் விதிப்படி உள்ளே பார்த்தன, இடப் பக்கத்துப் படங்கள் வெளியே பார்த்தன. கம்ப்யூட்டரில் ஒரு சொடுக்கு, அந்த மூன்று படங்களையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திருப்பிவிட்டேன். இரண்டு பக்கங்களிலிருந்தும் கைகள் நடு மடிப்பை நோக்கி வந்தன. அவ்வளவு அழகு! இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே திருப்பிப் போடுகிற மாதிரிதான் அதைச் செய்தேன். முடிச்சு என்று ஒன்று அங்கே இருக்கிறது, அதற்கு இடம் வலம் உண்டு என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. எனக்குக் கூடை போடத் தெரியாது. அம்மா இருக்கும்போது எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தவள் நான்.

கரையான்சாவடியில் கலர் பிரிண்ட் எடுத்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து வெட்டி, மடித்து, ஊசியால் ஓட்டை போட்டுத் தைத்தேன். விரல் நுனியெல்லாம் பொத்தல். அட்டைக்கான முடிச்சுகளை அம்மா ஒரே மதியத்தில் போட்டுத் தள்ளினாள். எங்கள் மேடம் அந்த ஆறு படப் பக்கத்தை விரித்து வகுப்புக்கே காட்டினார். “பாருங்க, கண் பக்கத்தை விட்டு வெளியே போகவே இல்ல” என்றார். இரண்டு பிரதிகளைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. மிச்சத்தை அம்மா எடுத்துக்கொண்டாள்.

எடுத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? எங்கள் அன்பியத்தில், அதாவது தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற கூட்டத்தில், வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டாள். “எம் பொண்ணு பண்ண புக்கு. உள்ள இருக்கிறது என் கை” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாளாம். பைபிள் வாசகம் முடிந்து டீ வருவதற்குள் புத்தகம் எல்லோர் மடியிலும் வாயைப் பிளந்து கிடந்தது.

அந்தச் சமயம் பங்கில் ஒரு பேச்சு வந்தது. திருவிழாவுக்கு யாரும் பிளாஸ்டிக் கவர் கொண்டுவரக் கூடாது, அவரவர் வயர் கூடை கொண்டுவர வேண்டும். எங்கள் அன்பியத்துத் தலைவி, கணீரென்று பாடுகிற ஆன்ட்டி ஒருவர், அம்மாவிடம் சொன்னார்: “உனக்கு எதுக்கு செரமம். அதான் புக்கு கீதே. நாங்களே பாத்துப் போட்டுக்கிறோம்.” அம்மாவுக்கு ஒரே பெருமை. தெருவில் வீட்டுக்கு வீடு வயர் கட்டு வந்து இறங்கியது.

சில வாரம் கழித்து ஒருநாள் அந்தக் கூடைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அன்று அன்பியம் எங்கள் வீட்டில். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருவராகப் பையிலிருந்து எடுத்து வைத்தார்கள். ஒரு கூடைகூட நேராக இல்லை. பாதி முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பாதி மறுபக்கம். அடி முறுக்கிக்கொண்டு, தரையில் வைத்தால் ஆடியது.

“புக்குல கீற மாரியேதான் போட்டேன்” என்றார் ஒருவர்.

“நானும்தான். மூணு படம் வரைக்கும் ஒரு மாரி போவுது, அப்பறம் வேற மாரி போவுது.”

அம்மா ஒரு கூடையை எடுத்து முடிச்சுகளைத் தடவிப் பார்த்தாள்.

அன்பியத் தலைவி டீயை ஊதிக்கொண்டே சிரித்தார். “இன்னா, தொழில் ரகசியத்த மறைச்சிக்கினியா? எல்லாரும் போட கத்துகினா அப்பறம் உன்கிட்ட யாரு வருவான்னு?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ, மாதா மேல சத்தியமா இல்லக்கா” என்றாள்.

சத்தியம் செய்கிற அளவுக்கு அதை எடுத்துக்கொண்டதும் அறை அமைதியாகிவிட்டது. நான் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அமைதியைக் கலைக்க எனக்கு ஒரு வேடிக்கை தேவைப்பட்டது. “மறைக்கல்லாம் இல்ல ஆன்ட்டி. கேமராவப் பாத்ததும் அம்மாவுக்கு ஒதறல். மூச்சையே பிடிச்சிக்கினு இருந்துச்சு. மாத்திக் காட்டியிருக்கும்” என்றேன். மறுபடி சிரிப்பு வந்தது. அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு டம்ளர்களோடு உள்ளே போனேன்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை, எங்களோடு பேசுவதை நிறுத்தவும் இல்லை. அந்த ரகசியப் பேச்சு மட்டும் ஒட்டிக்கொண்டது. திருவிழாவுக்கு மற்ற எல்லோரும் துணிப்பையோடு வந்தார்கள். அம்மா ஒருத்திதான் வயர் கூடை. “ரகசியக்காரி வந்துட்டா” என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுநாள் அம்மா அந்தக் கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அதைவிட மோசமானது வீட்டில் நடந்தது. அம்மா இதழை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, வயரை எடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். “இப்படியா காட்டினேன்?” என்று கேட்டாள். “படத்துல அப்படித்தான கீது. அப்ப அப்படித்தான் காட்டியிருப்பேன்.” தன் கையைவிட அச்சில் வந்த கையை அவள் நம்பினாள். நான் போட்ட புத்தகம் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டே போடத் தெரிந்த முடிச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அவிழ்த்தாள். மறுபடி போட்டாள். ஒருநாள் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது, கை சும்மா மடியில் கிடந்தது. எனக்கு அப்போது இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள். “உடும்மா, ஒரு கூடைக்கா இவ்ளோ?” என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

வருடக் கடைசியில் கல்லூரியில் கண்காட்சி. என் இதழையும் வைத்திருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள். “நான் தப்பா காட்டினத அங்க வேற வந்து பாக்கணுமா?” நான்தான் வற்புறுத்தினேன். ஆவடியில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்ட தூசியில் மாறி ஏறிப் போனோம். அதே ஞாயிற்றுக்கிழமைச் சேலை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இதழ் அந்த ஆறு படப் பக்கத்தில் விரிந்திருந்தது. வாயைப் பிளக்காமல் இருக்க இரண்டு ஓரத்திலும் கிளிப் போட்டிருந்தார்கள். அம்மா கொஞ்சம் தள்ளியே நின்றாள். மேடம் வெளியிலிருந்து வந்த இரண்டு பேருக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்.

“இவங்க கைதான் சார் இது! அம்மா, உங்க பொண்ணு என்ன பண்ணியிருக்கா பாருங்க. இந்தப் பக்கத்து மூணு படமும் வெளிய பாத்துக்கிட்டிருந்துச்சு. அத அப்படியே கம்ப்யூட்டர்ல இடவலம் திருப்பிட்டா. யாருக்காவது தெரியுதா பாருங்க!”

அதே நொடியில்தான் எனக்கும் புரிந்தது. முறுக்கிய கூடைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. டம்ளரோடு நின்று நான் சொன்னதும் வந்தது.

அம்மா கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்தாள். “மோதிரம்” என்றாள். இடப் பக்கத்து மூன்று படங்களிலும் ஜெபமாலை மோதிரம் இடது கையில் இருந்தது. வலப் பக்கத்து மூன்றிலும் வலது கையில். அம்மா தன் வலது கையைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் திட்டினால்கூட நல்லது என்று இருந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. கண் கலங்கியிருந்தது. “ஏய், அப்ப நான் தப்பா காட்டல” என்றாள். “நான் சரியாத்தான் காட்டியிருக்கேன்!”

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். “மேடம், இப்ப சொன்னீங்களே, திருப்பிட்டான்னு, அத இன்னொரு தடவ இதுல சொல்லுங்க” என்று மேடத்தின் வாய்க்கு நேரே நீட்டினாள். தன்னைப் பேட்டி எடுப்பதாக நினைத்து மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் புகழ்ந்து, திருப்பியதை முதலிலிருந்து அழகாகச் சொன்னார். வந்திருந்த இரண்டு பேரும் கைதட்டினார்கள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அந்தக் கிளிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா அதை அன்பியத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். பிறகு மறுபடியும் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, போனை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.

“நீயும் சொல்லுடி” என்றாள். கோபமே இல்லாத குரல். “அன்னிக்கு நீ சொன்னதத்தான எல்லாரும் கேட்டாங்க.”

நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெருவிரலை எடுக்காமல் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள், படம் எடுத்த அன்று போலவே மூச்சையும் பிடித்துக்கொண்டு. “ஆன்ட்டி, நான்தான்” என்று ஆரம்பித்தேன். அம்மா விரலை எடுக்கவில்லை. நான் முழுவதும் சொல்லி முடிக்கிறவரை எடுக்கவில்லை.