நாலாவது குருவி

என் மகனுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருநாள் தென்னோலையில் மூக்குக்கண்ணாடி செய்து தரச் சொன்னான். செய்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு நேரே போய்ச் சுவரில் தொங்கிய படத்தின் கீழே நின்று, "இப்ப நான் அப்பா மாதிரியோ?" என்று கேட்டான்.

படத்தில் என் கணவர் கண்ணாடி போட்டிருந்தார். மலாயாவில் ரெயில்வே கந்தோரில் அவருக்கு வேலை. கடைசியாக லீவில் வந்து திரும்பிப் போன பிறகுதான் இவன் பிறந்தான். ஆகவே அப்பா என்றால் அவனுக்கு அந்தப் படமும் அதிலிருந்த கண்ணாடியுந்தான். "ஓம், அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கு" என்றேன். உண்மையில் அவன் என் தகப்பனின் சாயல். அதை அந்த நேரத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யப்பான்காரன் மலாயாவைப் பிடித்ததோடு கடிதம் நின்றுபோனது. கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் என்னைப்போல் மூன்று நான்கு பேர் இருந்தோம். இருக்கிறாரா இல்லையா என்று வாய்விட்டுக் கேட்க ஒருவருக்கும் துணிவில்லை. அழுவதற்கும் வழியில்லை. உயிரோடு இருக்கிறவனை நினைத்துப் பெண்சாதி அழுதால் தரித்திரம் என்று என் மச்சாள் சொல்லுவாள். மச்சாள் என்றால் அவருடைய தமக்கை, அடுத்த வளவில் இருந்தவள். அவளும் அழாமல்தான் இருந்தாள். அவளுக்கு ஒரே தம்பி.

கோச்சி, அதுதான் ரெயில், வந்து நிற்கும் சத்தம் எங்கள் வளவுக்கு நன்றாகக் கேட்கும். முன்பு அவர் லீவில் வரும்போது அதில்தான் வந்து இறங்குவார். பிறகு பிறகு, கோச்சி கூவினால் அம்மியில் என் கை தானாக நின்றுவிடும். வேலிவாசல் படலை திறக்கிறதா என்று காது போகும். திறக்காது. அதன்பிறகு மிளகாயை நான் அரைக்கிற அரையில் அம்மியே தேய்ந்திருக்க வேண்டும்.

பகல் சமையல் முடிந்து பாத்திரம் கழுவினால் பின்னேரம் வரை வீட்டில் ஒரு வெறுமை இருக்கும். அந்த நேரத்தைப் போக்கத்தான் பிள்ளைகளோடு ஓலையும் கத்தியுமாக உட்காரத் தொடங்கினேன். மூத்தவளுக்கு எட்டு வயது. கடையில் விளையாட்டுச் சாமான் என்று எதுவும் இல்லாத காலம். வளவுக்குள் கிடைத்ததுதான் எங்களுக்குச் சாமான். பனையோலையில் காற்றாடி, பூவரசம் இலையில் பீப்பீ, நுங்குக் கோம்பையில் வண்டில். மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடதாசி வெட்டிப் பூச் செய்யப் பழக்கியிருந்தார்கள். ஆனால் கடதாசிக்கு எங்கே போவது? பழைய கலண்டர் தாள் ஒன்று கிடைத்தால் எங்களுக்குப் பெருநாள். சோற்றுப்பசை என்று மகள் வாயெடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூப்பனுக்கு அளந்து கிடைக்கிற அரிசி. முருங்கைப் பிசினைச் சுரண்டி வா என்று விரட்டுவேன்.

நான் பொறுமைக்காரி அல்ல. பிள்ளைகள் பிழையாக மடித்தால் பறித்து நானே மடித்துவிடுவேன். மகள் அதைப் பொறுத்துக்கொள்வாள். மகன் விடமாட்டான். "என்ரை! என்ரை!" என்று கத்தி, கசங்கிய ஓலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வான். அந்தப் பிடிவாதம் மட்டும் அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

ஒருநாள் அவனுக்கு ஓலையில் ஒரு மணிக்கூடு பின்னிக் கையில் கட்டிவிட்டேன். உடனே அப்பாவுக்கும் ஒன்று வேண்டும் என்றான். "அப்பான்ரை கை எவ்வளவு பெரிசு?" என்று கேட்டான்.

என்னுடைய மணிக்கட்டைக் காட்டி, இதைவிடப் பெரிது என்று சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் பெருவிரலும் நடுவிரலும் வளைந்து ஓரிடத்தில் போய் நின்றன. இரண்டு நுனிக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. அவர் கையைப் பிடித்தால் அவ்வளவுதான் என் விரல் எட்டும். முகம்கூடச் சில நாட்களில் படத்தில் இருப்பதுபோலத்தான் நினைவுக்கு வந்தது, ஆனால் அந்த அளவு அப்படியே இருந்தது. அதற்குச் சரியாக ஓலையைப் பின்னினேன். மகன் அதைத் தன் கையில் போட்டுப் பார்த்தான். தோள்மூட்டு வரை ஏறிப் போனது. "அம்மாடி, அப்பா பெரிய ஆள்" என்றான்.

தோரணம் கட்டுகிற கதை இதற்குப் பிறகுதான் வந்தது. கோப்பாயில் ஒரு வீட்டுக்கு மலாயாவிலிருந்து ஒரு தபால் காட் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். இருக்கிறேன், சுகம் என்று மட்டும் எழுதியிருந்ததாம். அந்த ஒரு காட் எங்கள் ஊர் முழுவதையும் தூக்கி நிறுத்திவிட்டது. பிறகு வேறொரு வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதில் வேறு செய்தி. நான் நல்லதைமட்டும் காதில் போட்டுக்கொண்டேன். அன்று பிள்ளைகளிடம், "இனி எங்களுக்கும் காட் வரும். பிறகு அப்பாவும் வருவார். படலையிலை தோரணம் கட்டித்தான் அவரை உள்ளை கூப்பிடுவம்" என்றேன். சொன்னதோடு நில்லாமல் தென்னோலையை வெட்டுவித்துக் கீற்றுக் கீற்றாக அவர்கள் முன்னால் போட்டேன்.

எங்கள் பக்கத்துத் தோரணத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கீற்றை மடித்து, ஓரத்தைக் கீறி, கீறிய நறுக்கை வளைத்துச் செருகினால் குருவி மூக்கு மாதிரி நிற்கும். அதைக் குருவி என்றே சொல்வோம். நல்ல காரியம் என்றால் ஓலைக்கு நாலு குருவி. செத்தவீடு என்றால் மூன்று. படலையைப் பார்த்தாலே உள்ளே கலியாணமா சாவா என்று தெருவால் போகிறவனுக்கு விளங்கிவிடும். வளர்ந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பிள்ளைகளுக்குத் தெரியாது. செத்தவீட்டுக்குப் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்?

மகள் அச்சுப்போல நாலு குருவி வைத்தாள். மகனுக்கு மூன்று வரை வந்தது. நாலாவதைச் செருகும்போது ஓலை கிழிந்துபோகும். கிழிந்ததை நறுக்கி எறிந்துவிட்டு, மூன்றே போதும் என்று அடுத்த ஓலையை எடுப்பான். பிடுங்கித் திருத்தப் போனால் வழக்கமான கத்தல். சரி, விளையாட்டுத்தானே என்று விட்டேன். அவன் செய்ததையெல்லாம் பின்னேரம் ஒரு கடகத்தில் போட்டுக் குசினி மூலையில் வைத்தேன். அடுப்பில் வைக்கத்தான் நினைத்தேன். பிள்ளை கைபடச் செய்ததை நெருப்பில் போட மனம் கேட்கவில்லை.

அடுத்தநாள் மத்தியானம் நான் பாயில் சரிந்து கண்ணயர்ந்துவிட்டேன். என்னை எழுப்பியது ஒப்பாரிச் சத்தம். முதலில் தூரத்தில் யாரோ வீட்டில் என்றுதான் எண்ணினேன். பிறகு எங்கள் படலை திறந்தது. நான் எழும்பி வாசலுக்கு வருவதற்குள் பெண்கள் ஏழெட்டுப்பேர் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். முன்னால் மச்சாள். கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது. மாரில் அடித்துக்கொண்டு வருகிறாள்.

"ஐயோ, என்ரை தம்பி! எங்களை விட்டிட்டுப் போட்டியோடா!"

எனக்குக் காட் எதுவும் வரவில்லை. ஆகவே அவளுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தமக்கை விலாசத்துக்கு வந்திருக்கிறது, இவர்கள் எல்லாரும் அறிந்துவிட்டார்கள், கடைசியாக எனக்குச் சொல்ல வருகிறார்கள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மச்சாள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த அழுகையை என்னால் எழுத முடியாது. அத்தனை காலமும் தரித்திரம், தரித்திரம் என்று அடக்கி வைத்திருந்தது முழுவதும் வந்தது. அவர் பெயரைச் சொல்லி அழுதேன். அதுவரை ஒருவர் முன்னாலும் அவர் பெயரை நான் சொன்னதில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நெஞ்சை அறுக்கிற அந்தத் துக்கத்துக்குள்ளும் எங்கோ ஒரு ஆறுதல் இருந்தது. இனிக் கோச்சிச் சத்தத்துக்குக் காது கொடுக்கத் தேவையில்லை.

கூட்டத்தில் இருந்த ஒரு வயதான பெண்தான் மூக்கைச் சீறிக்கொண்டு, "காட் எப்ப பிள்ளை வந்தது? என்னவாம் எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கோ? மச்சாளுக்கெல்லோ வந்தது?" என்றேன்.

மச்சாள் தலையை நிமிர்த்தினாள். "எனக்கு ஒண்டும் வரேல்லை. படலையைப் பாத்துத்தானே ஓடி வந்தனாங்கள்!"

எல்லாரும் திரும்பிப் படலையைப் பார்த்தோம். குறுக்கே கட்டிய கயிற்றில் வரிசையாகத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் மூன்று குருவி. வேலியோரம் மகன் ஓலைக்கண்ணாடியும் கையில் ஒரு பீப்பீயுமாக நின்றான். பக்கத்தில் பயந்துபோய் மகள். உயரத்தில் கயிறு கட்டிக் கொடுத்தது அவள்தான்.

"அது நான் செய்தது. அப்பா வாறதுக்கு" என்றான்.

 எல்லாருக்கும் ஒரேயடியாகக் கோபம் வந்தது. மச்சாள் ஓடிப்போய்த் தோரணத்தைப் பிய்த்தெறிந்தாள். கொண்டையை முடிந்துகொண்டு, "உவனுக்கு இதைப் பழக்கினது ஆர்? விளையாடுறதுக்கு வேறை சாமானே கிடைக்கேல்லையோ?" என்று என்னை உலுப்பி எடுத்தாள். நானும் விடவில்லை. "நாலு வயசுப் பிள்ளைக்கு உங்கடை மூண்டும் நாலும் விளங்குமே? வளந்த நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிட்டு அழுதிருக்கலாமே?" என்றேன். சற்று முன் கழுத்தைக் கட்டி அழுதவர்கள், முற்றத்தில் நின்று கோழிச்சண்டை பிடித்தோம். மஞ்சள்தண்ணீர் தெளித்துக் கற்பூரம் கொளுத்திய பிறகுதான் ஓய்ந்தது. போகும்போது அந்த வயதான பெண், "உயிரோடை இருக்கிறவனுக்கு அழுதால் அவன்ரை ஆயுள் கூடும் பிள்ளை, யோசிக்காதை" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பின் மகன் ஓலையைத் தொடவில்லை. கண்ணாடியையும் கழற்றி எங்கோ போட்டுவிட்டான். சில நாள் கழித்து, நான் இடியப்பத்துக்கு மாக் குழைக்கும்போது பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டான்.

"அம்மா, மூண்டு எண்டால் அப்பா வரமாட்டாரோ?"

மாக்கையோடு அவனை இழுத்து மடியில் இருத்தினேன். கையைக் கழுவிவிட்டு அகலமான கீற்றாகப் பார்த்து ஒன்று எடுத்து வந்தேன். மூன்று குருவியை அவன் செய்தான். நாலாவதற்கு நான் பறிக்கவில்லை. அவன் விரலுக்கு மேல் என் விரலை வைத்து, நறுக்கை மெல்ல வளைத்து, கிழியாமல் செருகப் பழக்கினேன். வந்துவிட்டது. "நாலு செய்தால் வருவாரோ?" என்றான். "வருவார்" என்றேன்.

யப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்தது. மலாயாவிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகன் ஓலை காயக் காயப் புதிதாகச் செய்து வைத்தான். அவரோடு ஒரே கந்தோரில் இருந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று அறிந்து மச்சாளும் நானும் போய்ப் பார்த்தோம். "சயாமிலை ரெயில் பாதை போடுறதுக்கு எண்டு ஆக்களைக் கொண்டு போனவங்கள். அதிலை அவரும் போனவர் எண்டு கேள்வி. பிறகு நான் காணேல்லை" என்றார் அவர். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒருவரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை.

சில வருடம் போக, இனிச் செய்ய வேண்டியதைச் செய்துவிடு என்று இனத்தவர்கள் சொன்னார்கள். நான் வாய் திறக்க முன்னம் மச்சாள் எழும்பிவிட்டாள். "செய்தி வராமல் இந்தப் படலையிலை ஆர் மூண்டு கட்டுறான் எண்டு பாப்பம்" என்றாள். அதற்குப் பிறகு ஒருவரும் அந்தக் கதை எடுக்கவில்லை. என் நெற்றியில் பொட்டு இன்றுவரை இருக்கிறது. ஆயுள் கூடும் என்று அன்று அந்த வயதான பெண் சொன்னது மெய்யானால் அவர் இன்னும் நெடுங்காலம் இருக்க வேண்டும். எட்டொன்பது பேர் அழுதோம், அதுவும் எப்படி அழுதோம்!

மகள் பெரியபிள்ளையானபோது வீட்டில் சடங்கு. தோரணம் முழுவதையும் மகனே செய்தான். கட்ட முதல் ஓர் ஓலையைத் தூக்கிக் காட்டி, "நாலுதானே அம்மா?" என்று கேட்டான். "ஓம், நாலு" என்றேன். பிறகு பொங்கலுக்கும் கலியாணத்துக்கும் அவன் இதைக் கேட்காமல் கட்டியதில்லை. இப்போது அவனுக்கே மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. படத்தின் கீழே போய் நின்றால் அப்பாதான் அவனுக்குத் தம்பி மாதிரி இருக்கிறார். இப்போதும் கேட்கிறான். தெரியாமலா கேட்கிறான்? நான் ஓம் என்று சொல்லும்வரை அவன் கை ஓலையோடு அப்படியே நிற்கும்.

என் செத்தவீட்டுக்கு அவன் மூன்று குருவிதான் கட்ட வேண்டும். கேட்பதற்கு அன்று நான் இருக்கமாட்டேன். அப்பாவுக்கும் சேர்த்துக் கட்டட்டும். அதுவரைக்கும் இந்தப் படலைக்கு நாலுதான்.