வந்துகொண்டே இருந்த சிவம்

ஏர்கான் ரிப்பேர் செய்கிறவனை யாரும் நல்ல மனநிலையில் கூப்பிடுவதில்லை. வியர்த்து வழிந்து, மின்விசிறியையும் வீட்டுக்காரரையும் திட்டி முடித்த பிறகுதான் எங்கள் நம்பரைத் தேடுவார்கள். அதனால் வசவு எங்கள் தொழிலில் சாதாரணம். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் வாங்கிய வசவில் முக்கால்வாசி என்னுடையது அல்ல, என் கூட்டாளி சிவத்துக்குச் சேர வேண்டியது.

சிவமும் நானும் எங்கள் ஊரான கிள்ளானில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒரு வேன், இரண்டு ஏணி, ஒரு தண்ணீர் பம்ப், சிவத்தின் போன். இதுதான் எங்கள் கம்பெனி. கைதேர்ந்த வேலைக்காரன் என்றால் அவன்தான். வெளியே இருக்கும் யூனிட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பான். "கேஸ் பிரச்சினை இல்லடா, கெப்பாசிட்டர்தான் போயிருக்கு" என்பான். நான் மீட்டர் வைத்துப் பார்த்தால் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும். அவனிடம் ஒரே குறை, "முடியாது" என்ற வார்த்தை வாயில் வராது. யார் எப்போது கூப்பிட்டாலும் "வரேன் லா, ஆன் தி வே" என்பான். பிறகு திட்டு வாங்குவான், இடிந்துபோய் உட்காருவான், நான் ஆறுதல் சொல்வேன். உங்களுக்கும் இப்படி ஒரு சிநேகிதர் இருப்பார், பெயர் மட்டும் வேறாக இருக்கும்.

கேரி தீவில் ஒரு சாட்சி

ஒரு நாள் காலை கேரி தீவில், எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தோம். பழைய மெஷின், திறந்தால் உள்ளே பல்லி முட்டை வரை இருந்தது. அதே காலை பத்து மணிக்கு, ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்துக்கும் சிவம் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்பது, அங்கிருந்து போன் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அந்த அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா நிதானமானவர். "எங்க தம்பி இருக்கீங்க?" என்று கேட்டார். சிவம் ஏணியின் மேலிருந்தபடியே, "ஹைவேல இருக்கேன்க்கா, பயங்கர ஜாம். இன்னும் பத்து நிமிஷம்" என்றான்.

அந்த நேரம் பார்த்து கிராணி வீட்டுச் சேவல் ஏணிக்கு அடியில் வந்து நின்று, தொண்டை கிழியக் கூவியது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. சிவம் போனைக் கையால் பொத்தினான். பொத்தி என்ன பயன்? ஸ்பீக்கரில் அக்காவின் குரல் அமைதியாக வந்தது: "பரவால்ல தம்பி, அந்தக் கோழியை இறக்கி விட்டுட்டு மெதுவா வாங்க."

அம்மாவுக்கு ஆபரேஷன்

சிவம் தடித்த தோல்காரன் இல்லை. அப்படி இருந்திருந்தால் நான் எப்போதோ விலகியிருப்பேன். ஒரு மதியம் பிரிக்பீல்ட்ஸில் வேனை நிறுத்திவிட்டு, போனை ஸ்பானர் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் துணியைப் போட்டு அமுக்கினான். உள்ளே அது அடித்துக்கொண்டே இருந்தது. அவன் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. "எல்லாரும் என்னையே திட்டறாங்கடா. நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?" என்றான். "ஏன்டா எல்லாருக்கும் வரேன்னு சொல்றே?" என்று கேட்டேன். "முடியாதுன்னு சொன்னா எதிர்ல இருக்கிறவங்க குரல் அப்படியே சுருங்கிப்போகுது மச்சான். அதை என்னால கேக்க முடியல" என்றான். தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, "விடுடா, உன் நேரம் சரியில்ல" என்றேன்.

அதோடு நிறுத்தாமல், பெட்டியிலிருந்து போனை எடுத்து, காத்திருந்த சாப்பாட்டுக் கடை அண்ணனிடம் நானே பேசினேன். சிவத்தின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொன்னேன். நண்பனைக் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமையாகக்கூட இருந்தது. மறுவாரம் அந்தக் கடைக்குப் போனபோது அண்ணன் எங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார். அப்புறம் சிவத்திடம் கேட்டார்: "உங்க அம்மாவை வெள்ளிக்கிழமை கோயில்ல பார்த்தேன், மூணு சுத்து சுத்தினாங்க. எந்த டாக்டர் தம்பி? எனக்கும் முட்டி வலி இருக்கு."

கையைப் பிடித்துக் காட்டியது

இதையும் சொல்லாவிட்டால் சிவத்துக்கு நான் துரோகம் செய்தவன் ஆவேன். பிரிக்பீல்ட்ஸில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் மசாஜ் கடை வைத்திருக்கிறார். அவர் கடை ஏர்கான் ஒழுகியது. எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேர் "சரியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், மறுநாளே மறுபடி ஒழுகியிருக்கிறது. அடைபட்டிருந்த பைப்பைச் சிவம் மாற்றினான். அரை மணி நேர வேலை. ஆனால் அந்த அண்ணனின் கையைப் பிடித்து, பழைய பைப்பில் சேறு அடைத்திருந்த இடத்தைத் தடவவைத்தான். புதுப் பைப்பில் தண்ணீர் ஓடுவதைத் தொட்டு உணரவைத்தான். மெஷின் நன்றாக ஓடும்போது எப்படி அதிரும், கெட்டுப்போகும் முன் எப்படி அதிரும் என்று தன் விரலால் அவர் உள்ளங்கையில் தட்டித் தட்டிக் காட்டினான்.

இரண்டு மணி நேரம் போயிற்று. அதற்குள் இரண்டு வீட்டார் எங்களுக்காகக் காத்திருந்து எங்களைச் சபித்தார்கள். என் கோபமெல்லாம் வாய் வரை வந்து நின்றது. அப்போது அந்த அண்ணன் சொன்னார்: "எல்லாரும் சரியாச்சுன்னு சொல்லுவாங்க. நம்புறதைத் தவிர எனக்கு வேற வழி கெடையாது. இவர் ஒருத்தர்தான் எனக்குக் காட்டிட்டுப் போறாரு."

பந்திங்கில் இருந்த நாள்

பெட்டாலிங் ஜெயாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நாங்கள் டீச்சர் என்றே கூப்பிடுவோம். அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்தவர், பேச்சு வராது, எழுந்து ஜன்னல் திறக்க முடியாது. அவர் அறை ஏர்கான் ஒரு காலையில் நின்றுவிட்டது. மழையே இல்லாத மாதம், வெளியே புகைமூட்டம் வேறு, ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை. ஒன்பது மணிக்கு டீச்சர் கூப்பிட்டார். "இதோ வரேன் டீச்சர், அரை மணி நேரம்" என்றான் சிவம். நாங்கள் இருந்தது ஒரு மணி நேரத் தூரத்தில், பந்திங்கில், ஒரு துணிக்கடையில் மூன்று மெஷின் மாட்டிக்கொண்டிருந்தோம். பதினோரு மணிக்கும் அரை மணி நேரம். ஒன்றரைக்கும் அரை மணி நேரம். நான் பக்கத்திலேயே இருந்தேன், மூன்றையும் கேட்டேன். அந்த "இதோ" எனக்குப் பழகிப்போன சத்தம், மெஷின் ஓடுகிற மாதிரி. நானும் வாயைத் திறக்கவில்லை.

நான்கரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் பூட்டியிருந்தது. போன் செய்தோம். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தார். சூடு தாங்காமல் ஐயா மயங்கிவிட்டார், ஆம்புலன்சில் கொண்டுபோயிருக்கிறார்கள், டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, மூன்றாம் நாள் வீடு திரும்பினார். ஆனால் அன்று மாலை எங்களுக்கு அது தெரியாது. டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லையே என்று இன்றும் நினைக்கிறேன். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "வரமுடியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா ஒன்பது மணிக்கே வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன் தம்பி. வரேன்னு சொன்னீங்க, அதான் காத்துக்கிட்டிருந்தேன்."

ஆறுதல் தீர்ந்த நாள்

மறுநாளிலிருந்து சிவம் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி கலா கூப்பிட்டாள். "அண்ணே, சரியா சாப்பிட மாட்டேங்கறாரு. போனை அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு. நீங்கதான் வந்து நாலு வார்த்தை நல்லதா சொல்லணும்." போனேன். சிவம் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தான். வழக்கமான பேச்சுதான்: "என் நேரம் சரியில்லடா. அந்தத் துணிக்கடை வேலை இழுத்துடுச்சு. ஃபெடரல் ஹைவேல ஜாம்." நானும் வழக்கமான பதிலைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது. "நேரம் இல்லடா, ஜாம் இல்ல. நீதான். பந்திங்ல நின்னுக்கிட்டு மூணு தடவை பொய் சொன்னே. பக்கத்துல இருந்து நானும் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அந்தம்மாவைக் காக்க வச்சோம்."

கலா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். சிவத்தின் முகம் போன போக்கைப் பார்த்ததும், சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று ஆகிவிட்டது எனக்கு. அவன் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சொன்னான்: "என் பக்கம் பேச இந்த உலகத்துல நீ ஒருத்தன்தான் இருந்தே. நீயும் போ."

கேட்டுக்கு வெளியே

இரண்டு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு என் வீட்டு வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சிவம் முகம் மழித்து, கம்பெனிச் சட்டை போட்டிருந்தான். "ஏறு, டீச்சர் வீட்டுக்குப் போறோம்" என்றான். வழியில் நான், "ஜாம்னு ஏதாவது சொல்லி வைப்பியா?" என்று கேட்டேன். பழக்கதோஷம். அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

டீச்சர் கேட்டைத் திறக்கவில்லை, உள்ளேயே நின்றார். சிவம் கையைக் கட்டிக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் பார்க்க, நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "டீச்சர், அன்னிக்கு நான் வழியில இல்ல. பந்திங்ல இருந்தேன். மூணு தடவையும் பொய் சொன்னேன். வரமுடியாதுன்னு எனக்கு ஒன்பது மணிக்கே தெரியும்." அவ்வளவுதான். 'ஆனால்', 'அதனால்', 'ஏனென்றால்' எதுவும் இல்லை. ஏணியில் நாற்பதடி உயரத்தில் ஒற்றைக் கையால் தொங்கி வேலை செய்கிறவனைப் பார்த்திருக்கிறேன், அவனுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அந்தக் கேட்டின் முன்னால் நிற்பதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. என் நண்பனை நினைத்து நான் அதுவரை பரிதாபப்பட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், எரிச்சல்பட்டிருக்கிறேன். அண்ணாந்து பார்த்தது அன்றுதான். டீச்சர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "மெஷினை வேற ஆள் செஞ்சுட்டாரு. உங்களை உள்ள கூப்பிட எனக்கு இன்னும் மனசு வரல தம்பி. ஆனா நீங்க சொன்னதை ஐயாகிட்ட சொல்றேன், அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

வேனுக்குள் ஒத்திகை

அதற்குப் பிறகு வந்ததுதான் சிரமமான வேலை. வேனில் போகும்போது நான் கஸ்டமராக நடிப்பேன், சிவம் "முடியாது" என்று சொல்ல வேண்டும். "பாஸ், இன்னிக்கே வரணும்." "முடியா... பார்க்கறேண்ணே." மறுபடி. "முடியாத மாதிரி இருக்கு, ஆனா வரேன்." மறுபடி. ஒரு தடவை கோபத்தில் "முடியாதுடா!" என்று கத்திவிட்டு, உடனே என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நாற்பத்தைந்து வயது ஆள், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையை வாரக்கணக்கில் பழகினான். சிக்னலில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள்.

உண்மையான முதல் அழைப்பு கிள்ளானில் ஒரு பாத்திரக்கடைக்காரரிடமிருந்து வந்தது. சத்தம் போடுகிற ஆள். சிவம் வேனை ஓரம் நிறுத்தினான், நெற்றி வியர்த்தது. "இன்னிக்கு முடியாதுண்ணே. நாளைக்கும் முடியாது. வியாழக்கிழமை காலையிலதான் வரமுடியும். அவசரம்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்தப் பக்கம், "ஓ, அப்படியா? சரி, வியாழன் வாங்க லா" என்று சொல்லி வைத்துவிட்டார். சிவம் போனையே வெறித்துப் பார்த்தான். "இவ்வளவுதானா மச்சான்? இதுக்கா நான் இத்தனை வருஷமா பயந்து செத்தேன்?"

கலாவின் புகார்

முழுசாக மாறிவிட்டான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். போன மாதம்கூட இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைச் சொல்லிவிட்டான். ஆனால் பத்தே நிமிஷத்தில் அவனாகவே ஒருவரைத் திருப்பிக் கூப்பிட்டு, "நான் தப்பா சொல்லிட்டேன், உங்களுக்கு நாளைக்குத்தான்" என்றான். அவர் திட்டினார். சிவம் முழுக்கக் கேட்டான், போனை வைத்தான், அடுத்த வேலையைப் பார்க்க ஏணியில் ஏறினான். பெட்டிக்குள் எதையும் ஒளிக்கவில்லை, கண்ணும் கலங்கவில்லை.

இப்போது எனக்குப் போன் வருவது கலாவிடமிருந்துதான். சென்ற ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: "அண்ணே, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுங்கன்னா 'இன்னிக்கு முடியாது, வியாழக்கிழமைதான்'ங்கறாரு. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் பழைய ஆளாவே திருப்பிக் குடுங்களேன்!"

பன்னிரண்டு வருஷம் விதவிதமாக ஆறுதல் சொல்லியும் என்னால் நகர்த்த முடியாத ஒருவன், ஒரு டீச்சர் வீட்டு கேட் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று தன்னைத் தானே நகர்த்திக்கொண்டான் என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை, கொஞ்சம் வெட்கம்.