கரண்ட் இல்லாத ஊரில் இரைந்த செட்

என் வீட்டுக்காரர் சிங்காரவேலுவுக்கு மன்னார்குடிப் பக்கம் அப்பா விட்டுப்போன வயல் உண்டு. அது போதாதென்று, வீட்டிலிருந்தே வெளியூர்க்காரர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோவுக்குப் பரீட்சை எழுதி லைசன்ஸும் வாங்கி வைத்திருக்கிறார். என் சாமான் அறையைக் காலி பண்ணி செட், மைக், பேட்டரி, ஒயர் என்று அடைத்துவிட்டார். மொட்டைமாடிக் குழாயிலிருந்து ஒரு கம்பி தென்னைமரத்துக்கும் இன்னொன்று வயலோரத்து மூங்கிலுக்கும் போகும். அதுதான் ஆன்டெனா. அதில் ஒரு துணி காயப்போட விடமாட்டார், மகராசன்.

புயல் அடித்த மறுநாள் ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. கோடியக்கரையிலிருந்து மூஸா என்கிற சிநேகிதர் மட்டும் பேட்டரியில் ஓடிய செட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அங்கே மாட்டிக்கொண்டவர்களின் பெயர்களைச் சொல்லி, வீடுகளுக்குத் தகவல் சொல்லச் சொன்னார். எங்களால் கேட்க முடிந்ததே தவிர பதில் சொல்ல முடியவில்லை. வயல் பக்கத்துக் கம்பி அறுந்து, மோட்டார் கொட்டகைக்குப் போகும் கரண்ட் லைன்மேல் விழுந்து தொங்கியது.

“லைனே செத்துக் கிடக்கு. எடுத்துக் கட்டிட்டு வந்துடுறேன். மூஸா கூப்பிட்டா கேட்டுக்க” என்று இறங்கிப் போய்விட்டார். வயலில் முழங்கால் தண்ணீர். திட்டிக்கொண்டேதான் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

மூஸா பேசுவது பக்கத்து அறையில் பேசுவதுபோல் கேட்டது. திடீரென்று கொர்ரென்று ஓர் இரைச்சல் வந்து அவர் குரலை விழுங்கிவிட்டது. ஊரில் கரண்ட் வந்தால்தான் அந்த இரைச்சல் வரும். அது வரும்போதெல்லாம் இவர் கத்துகிற கத்தல் எனக்கு மனப்பாடம். புயலுக்குப் பயந்து எங்கள் வீட்டு பியூஸை இவரே பிடுங்கி வைத்திருந்தார், அதனால் விளக்கு எரியவில்லை. ஆனால் லைனில் கரண்ட் ஏறிவிட்டது.

வயலுக்கு ஓடினேன். வரப்பு வழுக்கியது. அவர் தண்ணீரில் நின்றபடி தொங்கிய கம்பிக்குக் கையை நீட்டினார். “ஏங்க, ஏங்க” என்று அலறினேன். “இரு, வர்றேன்” என்றார், திரும்பாமலே. ஆயுசு பூரா எனக்குச் சொல்கிற பதில் அது. ஐயோ, தாலி போச்சு என்றே நினைத்தேன்.

“சிங்காரவேலு, தொடாதே!”

கோபமாகத் திரும்பினார். கை இறங்கியது.

அடுத்த வீட்டு ராஜராஜன், தண்ணீர்த் தொட்டி நிரப்ப வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து வீட்டு பிளக்கில் சொருகியிருக்கிறான். மெயின் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான். புயல் வந்தால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் நடக்கிற கூத்துதான். வீட்டுக்குள் விட்ட கரண்ட் அப்படியே லைனுக்கும் ஏறியிருந்தது. என் கூச்சல் கேட்டு ஓடிவந்தவனுக்கு, கம்பியைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

“அண்ணன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தவும் சேத்துதான்க்கா போட்டேன்” என்றான், பேயறைந்த முகத்தோடு.

அடிக்கக் கை ஓங்கினேன். போய் அணைத்துத் தொலை என்று விரட்டினேன். இவர் மெல்லக் கரையேறி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பேரைச் சொல்லியா கூப்பிட்ட?” என்றார்.

“ஆமா. நீங்க திரும்பலேன்னா, இனிமே நான் யாரை ஏங்கன்னு கூப்பிடுறது?”