சுண்ணாம்பு பட்ட செடி

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையோரம் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ஒரு துரையின் பங்களாவில் கார் ஓட்டினார். சாரல் காலம் முடிந்து துரை கிளம்பும் சமயம் தோட்டத்துச் செடிகளைக் கழித்துவிடுவார்கள். கழித்துப் போட்ட குச்சி ஒன்றை ஈரத்துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, கிணற்றுக்கு வடக்கே வெயில் விழாத சுவரோரம் நட்டார். ஹைட்ராஞ்சியா என்று பெயர் சொன்னார். அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மாமியார் பந்துப்பூ என்றார், அதுவே நிலைத்தது.

முதல் கொத்து நல்ல நீலமாக வந்தது. மணம் என்று ஒன்றும் இல்லை. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் ஆகாது. இதற்கா இத்தனை பாடு என்று கேட்டேன்.

“பாத்துக்கிட்டு இருக்கதுக்குத்தான்,” என்றார்.

சண்டை வந்ததும் பட்டாளத்தில் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். இவரும் அதில் சேர்ந்துகொண்டார். கிளம்புகிற அன்று எனக்குச் சொன்ன புத்திமதியெல்லாம் செடியைப் பற்றித்தான்.

“காஞ்ச குச்சின்னு வெட்டிராத. பழைய குச்சியிலதான் பூக்கும். சுண்ணாம்புத் தண்ணி மட்டும் பட்டுறக் கூடாது, பட்டா ரோஸா மாறிரும்.”

எனக்கென்று ஒரு வார்த்தை மிச்சம் வைத்திருப்பார் என்று வாசல் வரை போய் நின்றேன். வைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். அது ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லிச் சொல்லிக் கோபமும் போய்விட்டது. கோடையில் செடி இலையை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். அவரைக் கொடிக்கு ஊன்றுவதற்காகக் கொழுந்தன் அரிவாளோடு வருவான். வெட்டாதே என்பேன். அந்த வருடங்களில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

அப்புறம் கடையத்துக்காரர் ஒருவர், அவரோடு பட்டாளத்தில் இருந்தவர், எப்படியோ தப்பி பர்மா வழியாக ஊர் வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரை ஏற்றிய கப்பல் முங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். நீர் பார்த்தீரா என்று அவரை யாரும் கேட்கவில்லை. மாமனார் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

“காரியம் பண்ணாம விட்டா பிள்ள அலைஞ்சுக்கிட்டுல்லா கெடப்பான்,” என்றார்.

மாசி மாதம் தர்ப்பையில் ஓர் ஆளைச் செய்து எரித்தார்கள். என் தாலியை வாங்கிக்கொண்டு வெள்ளைச் சேலை கொடுத்து உள்ளறையில் உட்காரவைத்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அழுதால்தான் ஆறும் என்று துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். உலுக்கியும் வரவில்லை. மரத்துப்போன கையைக் கிள்ளினால் எப்படித் தெரியாதோ, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

பதினாறு கழிந்து, தீட்டுப் போக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். மிஞ்சிய சுண்ணாம்பைத் தென்னைக்கும் எலுமிச்சைக்கும் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். பூச்சி அண்டாது என்பார்கள். மகன் வைத்த செடியை மட்டும் விட மனசில்லாமல் மாமியார் அதற்கும் சட்டி சட்டியாக ஊற்றியிருக்கிறார். நான் உள்ளறையில் இருந்தேன். எனக்குத் தெரியாது.

அந்தச் சாரலில் பூ ரோஸாக வந்தது. மாமியார் ஒரு கொத்தைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதார்.

“பாத்தியாட்டி, நிறம் மாறி வந்திருக்கான். என் பிள்ள கர ஏறிட்டான்.”

எனக்கு அவர் சொல்லிவிட்டுப் போன சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. அந்த அம்மாளுக்குக் கிடைத்த ஓர் ஆறுதலைப் பிடுங்கி நான் என்ன செய்யப்போகிறேன். எனக்கு நீலமும் ஒன்றுதான், ரோஸும் ஒன்றுதான்.

சண்டை முடிந்து, ஐப்பசியில் ஒரு மத்தியானம் கொல்லைப்புறம் நாய் குரைத்தது. அடுக்களைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தாடியும் எலும்புமாக ஓர் ஆள் வாய்க்கால் கரையோடு வந்து செடிக்கு முன்னால் நின்றார். கடைசிக் கொத்துகள் இன்னும் வாடாமல் இருந்தன. கிணற்றடியில் நின்ற மாமியார் குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி அந்த முகத்தைத் தடவினார். கதவைப் பிடித்தபடி நின்றேன். என் வீட்டுக்காரர்தான். எனக்குக் காலும் நகரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

“என்னம்மா, ரோஸா பூத்திருக்கு? சுண்ணாம்பு ஊத்துனியளா?” என்று கேட்டார்.

மாமியார் ஆமென்று தலையை ஆட்டினார்.

“ஏது சுண்ணாம்பு?”

“வீட்டுக்கு வெள்ளையடிச்சோம்லா.”

“பொங்கலுக்கா?”

“மாசியில.”

“மாசியில எதுக்கு வெள்ளையடிச்சிய?”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவர் என் சேலையைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். அங்கேயே குந்தி உட்கார்ந்து, செடியடியில் வெளுத்துக் கிடந்த மண்ணை விரலால் பறித்துப் பறித்து அப்பால் போட ஆரம்பித்தார்.

நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பறித்தேன். ஒரு சரளைக்கல் நகத்துக்கடியில் ஏறி ரத்தம் வந்தது. வலித்தது. அப்போதுதான் அழுதேன்.